‘சீனி இல்லை, மைதா இல்லை’ கேக்கில் உண்மையில் என்ன இருக்கிறது?

கொங்கு நாட்டில் டீக்கடை என்றாலே பாதி பேக்கரிதான். கோவையில் தொடங்கி திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வரை பஸ் நிற்கும் இடமெல்லாம் ஒரு கண்ணாடி அலமாரியும் அதற்குள் நாலு வகை கேக்கும் இருக்கும். அந்த அலமாரியில் இப்போது புதிதாக ஒரு தட்டு சேர்ந்திருக்கிறது. ‘சீனி இல்லை, மைதா இல்லை’ என்று அட்டை சொருகிய கேக், பிஸ்கட், பிரவுனி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை நம்பி வாங்குகிறார்கள். ஒரு கடையில் வாங்கியதைச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை அசைவதில்லை. இன்னொரு கடையில் வாங்கியதைச் சாப்பிட்டால் சாதாரண கேக் தின்ற மாதிரியே ஏறிவிடுகிறது. அட்டை ஒன்றுதான், உள்ளே இருக்கும் பண்டம் வேறு.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, சீனியும் மாவும் கேக்கில் என்ன வேலை செய்கின்றன என்று தெரிய வேண்டும். அதற்கும் முன்னால், ஒரு சொல்லைச் சரி செய்துகொள்ள வேண்டும்.

‘சர்க்கரை’ என்றால் எது?

சென்னைக்காரருக்குச் சர்க்கரை என்றால் வெள்ளையாக இருப்பது. கொங்கில் சர்க்கரை என்றால் பழுப்பு நிறத்தில் பொடியாக இருக்கும் நாட்டுச் சர்க்கரை. வெள்ளையாக இருப்பது சீனி. வயதானவர்கள் வாயில் அது இன்னும் அஸ்கா. நோய்க்கும் பேர் சர்க்கரைதான். இத்தனை அர்த்தங்களும் ஒரே பேக்கரி வாசலில் மோதும்போது பேச்சு இப்படித்தான் போகும்:

“ஏனுங்க, இதுல சீனி போட்டிருக்கீங்ளா?”

“இல்லைங்க, நாட்டுச் சர்க்கரைதானுங்க போட்டிருக்கு.”

கேட்டவருக்கு நிம்மதி. சொன்னவர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் கேட்டவருக்குத் தேவைப்பட்ட தகவல் அந்தப் பதிலில் இல்லை.

நாட்டுச் சர்க்கரை நம் மண்ணின் சரக்கு. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் போகும் மூட்டைகளைப் பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்காக வாங்கிப் போகிறது. கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் இறக்கித் தேய்த்துப் பொடியாக்குவதுதான் அதன் செய்முறை. இந்தக் காய்ச்சலில் வெளியேறுவது தண்ணீர். சுக்ரோஸ் என்ற இனிப்புப் பொருள் உள்ளேயேதான் இருக்கிறது. வெள்ளைச் சீனி ஏறக்குறைய முழுக்க சுக்ரோஸ். நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ். மீதியில் கொஞ்சம் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், ஈரம், கனிமங்கள். அந்த மீதியில் இரும்புச்சத்து உண்டு, மணம் உண்டு, ருசி உண்டு. சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் நாட்டுச் சர்க்கரை செய்யும் வேலை மட்டும் சீனி செய்யும் வேலைதான். கருப்பட்டி, தென்னம்பூச் சர்க்கரை, தேன், பேரீச்சம்பழம் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. ‘சுகர் ஃப்ரீ’ என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் 100 கிராம் பண்டத்தில் சர்க்கரைகள் 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட வேண்டுமானால் தேன், உலர்பழ விழுது போன்றவற்றைக்கூட பதிலுக்குச் சேர்த்திருக்கக் கூடாது. வெல்லம் போட்ட பிஸ்கட்டுக்கு அந்த இரண்டு வாசகமும் பொருந்தாது.

ராகி போட்டால் கார்ப் குறையுமா?

மைதாவை எடுத்துவிட்டு ராகியோ கோதுமையோ தினையோ போடுவது அடுத்த படி. நார்ச்சத்து கூடும், ராகியில் கால்சியமும் நிறைய. நல்ல மாற்றம்தான். ஆனால் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் கார்போஹைட்ரேட்டை, சுருக்கமாகக் கார்பை, எடைபோட்டுப் பார்க்க வேண்டும். 100 கிராம் மைதாவில் சுமார் 74 கிராம். 100 கிராம் ராகியில் சுமார் 67 கிராம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 200 கிராம் மாவு, 200 கிராம் இனிப்பு, வெண்ணெய், நாலு முட்டை, பத்துத் துண்டு.

1. மைதாவும் சீனியும் போட்டது: மாவில் இருந்து 148, சீனியில் இருந்து 200. மொத்தம் 348 கிராம். துண்டுக்கு ஏறக்குறைய 35.

2. ராகியும் நாட்டுச் சர்க்கரையும் போட்டது: மாவில் இருந்து 134, சர்க்கரையில் இருந்து 180 முதல் 190 வரை. துண்டுக்கு ஏறக்குறைய 32.

3. பாதாம் மாவும் எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பும் போட்டது: மாவில் இருந்து சுமார் 18, முட்டையில் இருந்து ஒன்றிரண்டு. துண்டுக்கு ஏறக்குறைய 2.

முதலாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக நினைக்க யாருக்கும் தோன்றாது. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக நினைப்பதுதான் நடக்கிறது, இரண்டுமே ‘சீனி இல்லை, மைதா இல்லை’ என்ற அட்டையோடு நிற்பதால். இரண்டாவது சத்தான பலகாரம். மூன்றாவதுதான் லோ கார்ப், அதாவது கார்ப் குறைந்தது.

நிகர கார்ப் என்ற கணக்கு

கார்போஹைட்ரேட் என்ற பெரிய பேருக்குள் மூன்று கூட்டம் இருக்கிறது. சர்க்கரைகள், மாவுச்சத்து, நார்ச்சத்து. முதல் இரண்டும் செரித்து குளுக்கோஸாகவோ அதை ஒத்ததாகவோ ரத்தத்துக்குப் போகும். நார்ச்சத்தைச் சிறுகுடல் உடைப்பதில்லை. அதனால் மொத்த கார்போஹைட்ரேட்டில் இருந்து நார்ச்சத்தைக் கழித்தால் வருவதை நிகர கார்ப் என்கிறார்கள். எரித்ரிட்டால் போல உடம்பு எரிசக்தியாகப் பயன்படுத்தாத இனிப்பையும் கழிப்பது வழக்கம். மேலே போட்ட கணக்கு நிகர கார்ப் கணக்குதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கார்ப் குறைவு என்றால் கலோரி குறைவு என்று அர்த்தமில்லை. 100 கிராம் மைதா சுமார் 350 கலோரி. அதே எடை பாதாம் மாவு 580க்குப் பக்கத்தில். பாதாமில் பாதி எடை கொழுப்பு. சர்க்கரை ஏறாது என்று மூன்று துண்டு சாப்பிட்டால் எடை ஏறும்.

சீனியை எடுத்தால் எதெல்லாம் போகிறது

வீட்டில் முதல் முறை செய்து பார்க்கிறவர்கள் சீனியை இனிப்பு என்று மட்டும் நினைத்து, நாலு சொட்டு ஸ்டீவியா என்ற மாற்று இனிப்பை விட்டுவிட்டு, வெளியே வந்த தட்டையான ரப்பரைப் பார்த்து மனம் விட்டுப்போகிறார்கள். சீனி கேக்கில் செய்கிற வேலை இனிப்பைவிடப் பெரியது.

1. கன அளவு. மேலே சொன்ன கேக்கில் சீனி மட்டும் 200 கிராம். அதை எடுத்தால் கலவையில் கால் பங்குக்குப் பக்கத்தில் காணாமல் போகிறது.

2. காற்று. வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது படிகங்களின் கூர் முனைகள் வெண்ணெய்க்குள் காற்றறைகளை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ் உண்டாக்குவதைவிட, இருக்கும் குமிழை ஊதிப் பெரிதாக்குவதுதான் அதிகம்.

3. மென்மை. சீனி தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் மாவில் குளூட்டன் இறுகுவது தாமதமாகிறது, மாவுச்சத்து கூழாகும் வெப்பநிலையும் முட்டை உறையும் வெப்பநிலையும் உயர்கின்றன. கேக் எழும்ப நேரம் கிடைக்கிறது.

4. ஈரமும் ஆயுளும். அந்தத் தண்ணீர்ப் பிடிப்புதான் கேக்கை இரண்டு நாள் மிருதுவாக வைக்கிறது, பூஞ்சைக்குத் தண்ணீர் கிடைக்காமலும் தடுக்கிறது. சீனி இல்லாத ஈரமான கேக்கைச் சித்திரை வெயிலில் டப்பாவில் போட்டு வெளியே வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜுக்குள்தான் அதற்கு இடம்.

5. நிறம். பொன்னிற மேல்தோல் சீனி கருகுவதாலும், சில சர்க்கரைகள் புரதத்தோடு சேர்ந்து சிவப்பதாலும் வருகிறது. எரித்ரிட்டாலுக்கு இந்த இரண்டும் வராது.

ஈஸ்ட் போட்ட பன்னுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஈஸ்ட்டுக்குத் தீனியே சர்க்கரைதான். அதனால் லோ கார்ப் பலகாரங்கள் பெரும்பாலும் பேக்கிங் பவுடரையும் அடித்த முட்டையையும் நம்பியே நிற்கின்றன.

மாவின் இடத்தை யார் நிரப்புவது

மாவு கேக்கின் எலும்புக்கூடு. கோதுமையில் உள்ள இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகி, பேக்கிங் பவுடர் தரும் வாயுவைப் பிடித்து வைக்கின்றன. ஓவன் சூட்டில் மாவுச்சத்து தண்ணீர் குடித்து வீங்கிக் கெட்டியாகிறது. லோ கார்பில் இந்த இரண்டும் கிடையாது. வலைக்கு முட்டை, உடம்புக்குக் கொட்டை மாவு, ஒட்டுப்பிடிக்க இசப்கோல் என்று மூன்று பேர் பிரித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் கொங்கு நாட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். வெளிநாட்டுச் செய்முறைகள் கேட்கும் சரக்கில் முக்கால்வாசி நம் சந்தையிலேயே கிடக்கிறது. முட்டைக்கு நாமக்கல், வெண்ணெய்க்கு ஊத்துக்குளி, தேங்காய்க்குப் பொள்ளாச்சி, தேங்காய்ப் பருப்புக்கும் எண்ணெய்க்கும் காங்கேயம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோவும் விளைகிறது. பாதாம் வெளியூர்ச் சரக்கு, விலையும் அதில்தான்.

*முட்டை.* வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும், மஞ்சள்கரு இன்னும் சில டிகிரி தள்ளி. குளூட்டன் இல்லாத இடத்தில் இந்த உறைதல்தான் கேக்கை நிற்க வைக்கிறது. வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலந்தால், சீனி தராமல் விட்ட காற்றும் கிடைக்கும். முட்டை வாடை பிடிக்காதவர்களுக்கு ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் போதும்.

*தேங்காய் மாவு.* பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையை ஈரம் போகக் காயவைத்துப் பொடித்தால் தேங்காய் மாவு. சந்தகைக்கு (இடியாப்பத்துக்கு)ப் பால் பிழிகிற வீடுகளில் இந்தச் சக்கை தூக்கிப் போடத்தான் போகிறது. இதில் நார்ச்சத்து மிக அதிகம். அதனாலேயே தண்ணீரை வெறிகொண்டு குடிக்கும். ஒரு கப் மைதாவுக்கு ஒரு கப் தேங்காய் மாவு என்று போட்டால் செங்கல்தான் வரும். கால் கப்பில் தொடங்க வேண்டும், முட்டையைக் கூட்ட வேண்டும், கலந்த பிறகு பத்து நிமிடம் ஊறவிட்டு அப்புறம் பதம் பார்க்க வேண்டும். வீட்டுச் சக்கையில் கொழுப்பு மிச்சம் இருக்கும், கடைப் பாக்கெட்டில் குறைவாக இருக்கும். ஆகவே ஒன்றுக்கு எழுதிய அளவு மற்றொன்றுக்கு அப்படியே வராது.

*கடலைக்காய்.* வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையில் நூற்றுக்கு 16 கிராம் கார்ப், அதில் பாதி நார்ச்சத்து. புரதம் 25 கிராமைத் தாண்டும். பாதாமுக்கு நெருங்கின கணக்கு, விலையோ அதில் ஒரு சிறு பங்கு. மிக்ஸியில் விட்டு விட்டு அடிக்க வேண்டும், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். ஒரு எச்சரிக்கை அவசியம். சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் படிந்தது எதையும் சேர்க்கக் கூடாது. ஈரத்தில் கிடந்த கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலுக்குக் கேடு, ஓவன் சூட்டுக்கும் முழுதாக அழியாது. இதே காரணத்துக்காக, மாட்டுக்கு வாங்கும் கடலைப் புண்ணாக்கை மலிவான ‘கொழுப்பு நீக்கிய மாவு’ என்று அடுப்படிக்குக் கொண்டுவரக் கூடாது. அது மனிதர் தின்னும் சுத்தத்தில் ஆட்டியது கிடையாது.

*எள்.* கார்ப் 23, நார்ச்சத்து 12. கசப்பு இருப்பதால் முழு மாவாகப் போடாமல் நாலில் ஒரு பங்கு போடலாம்.

*இசப்கோல்.* ஏறக்குறைய முழுவதும் நார்ச்சத்து. தண்ணீரில் வழவழப்பான கூழாகி உதிர்வதைத் தடுக்கும். ஒரு கேக்குக்கு ஒரு தேக்கரண்டி போதும். கூடினால் உள்ளே பசை மாதிரி நிற்கும்.

கொட்டை மாவுகளில் கொழுப்பும் புரதமும் அதிகம் என்பதால் மேல்பக்கம் சீக்கிரம் சிவந்து நடுவில் வேகாமல் இருக்கும். 180 டிகிரிக்குப் பதிலாக 160 வைத்து நேரத்தைக் கூட்டுவது நல்லது. சூடாக இருக்கும்போது எடுத்தால் உடையும். தட்டிலேயே முழுதாக ஆறவிட வேண்டும்.

இனிப்பூட்டிகள்

*எரித்ரிட்டால்.* சீனியில் 60 முதல் 70 சதவீத இனிப்பு. சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, பெரும்பகுதி சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடும். கன அளவைத் தருவதால் கேக்குக்கு மிகவும் ஒத்துவருகிறது. குறைகள் இரண்டு: கரையும்போது வெப்பத்தை இழுப்பதால் நாக்கில் புதினா மாதிரி ஒரு குளிர்ச்சி தெரியும், ஆறியதும் மறுபடி படிகமாகி நறநறக்கும். பொடித்துப் போட்டால் நறநறப்பு குறையும்.

*ஸ்டீவியா, சுக்ரலோஸ்.* ஸ்டீவியாச் சாறு சீனியைவிட 200 முதல் 300 மடங்கும், சுக்ரலோஸ் 600 மடங்கும் இனிப்பு. சிட்டிகை போதும் என்பதால் கன அளவு கிடைக்காது. எரித்ரிட்டாலோடு கலந்து போடுவதுதான் நடைமுறை. கடையில் ‘கப்புக்குக் கப்’ என்று வரும் சுக்ரலோஸ் பொடியில் அளவைக் கூட்ட மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்திருப்பார்கள். அது மாவுச்சத்தில் இருந்து எடுப்பது, ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

*அஸ்பார்டேம்.* சூட்டில் சிதைந்து இனிப்பை இழக்கும். ஓவனுக்குள் வேலைக்கு ஆகாது.

*மால்டிட்டால்.* இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கடையில் விற்கும் ‘சுகர் ஃப்ரீ’ சாக்லேட்டிலும் இனிப்பிலும் அடிக்கடி இருப்பது இது. சீனி மாதிரியே நடந்துகொள்வதால் தயாரிப்பாளர்களுக்கு விருப்பம். ஆனால் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு சீனிக்கு 65 என்றால் இதற்கு 35. பூஜ்யம் கிடையாது. அளவு கூடினால் வயிற்றுப்போக்கும் வரும். பாக்கெட்டில் ‘சர்க்கரை 0’ என்ற வரியைப் பார்த்து நின்றுவிடாமல் அதற்கு மேலே இருக்கும் ‘கார்போஹைட்ரேட்’ வரியையும் பார்க்க வேண்டும்.

*சைலிட்டால்.* வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் வாங்கவே வேண்டாம். மனிதருக்குத் தாங்கும், நாய்க்குச் சிறிய அளவே உயிர்க்கொல்லி.

செய்தியில் வந்த பயங்கள்

2023இல் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

பிப்ரவரியில் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், ரத்தத்தில் எரித்ரிட்டால் கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாகக் கண்டார்கள். நம் உடம்பே குளுக்கோஸில் இருந்து எரித்ரிட்டாலை உண்டாக்கும் என்பதால், தின்றதுதான் காரணம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே குழு 2024இல் ஆரோக்கியமான 20 பேரில் பாதிப் பேருக்கு 30 கிராம் எரித்ரிட்டாலும் மற்றவர்களுக்கு குளுக்கோஸும் கொடுத்துப் பார்த்தது. எரித்ரிட்டால் குடித்தவர்களின் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் தன்மை, அதாவது ரத்தம் கட்டியாகும் போக்கு, கூடியது. சிறிய ஆய்வு, முடிந்த தீர்ப்பு கிடையாது. என்றாலும் மேலே போட்ட மூன்றாவது கேக்கில் 200 கிராம் எரித்ரிட்டால், துண்டுக்கு 20 கிராம். ஒன்றரைத் துண்டில் அந்த 30 கிராம் வந்துவிடும். இதய நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் தினமும் இதைச் சாப்பிடும் பழக்கத்தைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் குறைக்கும் வழியாக இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னது. அந்த வழிகாட்டல் ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இல்லை என்றும், எரித்ரிட்டால் வகை அதில் சேராது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. பகிர்ந்துகொண்ட செய்திகளில் அந்த வரிகள் விடுபட்டுப்போயின.

ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமைப் ‘புற்றுநோய் உண்டாக்கக் கூடும்’ என்ற 2பி வகையில் வைத்தது. சான்று குறைவாக இருக்கும்போது வைக்கும் வகை அது. தினசரி வரம்பான, உடல் எடை கிலோவுக்கு 40 மில்லிகிராம் மாறவில்லை. கேக்குக்கு அது பயன்படாது என்பதால் இங்கே இதற்கு மேல் வேண்டியதில்லை.

தெரியாமல் நுழையும் கார்ப்

முந்திரியைப் பாதாம் என்று நினைத்து மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கிறது. முந்திரியில் நிகர கார்ப் நூற்றுக்கு 25 கிராமுக்குக் குறையாது, பாதாமைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பால்கோவாவில் சீனியே போடாவிட்டாலும் பாலின் லாக்டோஸ் சுண்டிச் சேர்ந்திருக்கும். 70 சதவீத டார்க் சாக்லேட்டில் மீதி 30 சதவீதத்தில் பெரும்பகுதி சீனி. இனிப்பில்லாத கோகோ பொடிதான் தேவை. இனிப்புக்காகப் பிசைந்து போடும் கனிந்த வாழைப்பழமும் கணக்கில் வரும்.

மாத்திரையும் ஊசியும் எடுப்பவர்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியான ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வுப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இந்தப் பண்டங்களை அதிகம் தேடுகிறவர்களும் அவர்கள்தான். எப்போதாவது ஒரு துண்டு என்றால் பெரிய மாற்றமில்லை. இதோடு சேர்த்து சோறு, சந்தகை, ராகிக் களி எல்லாவற்றையும் நிறுத்தி முழு லோ கார்ப் உணவுக்கு மாறுகிறவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும், உணவில் கார்ப் குறைந்து மருந்து பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து: ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோ அசிடோசிஸ், சில சமயம் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே வரும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் எந்த அட்டையையும் நம்ப வேண்டியதில்லை. சாப்பிடும் முன் ஒரு முறை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. ஒரு நாள் ராகி, நாட்டுச் சர்க்கரை கேக். இன்னொரு நாள் அதே நேரத்தில், அதே எடையில் கடலைக்காய் மாவு கேக். கூட வேறு எதுவும் இல்லாமல். நான்கு எண்களையும் தேதி போட்டு எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.